துணியில் நின்றது பதினேழு கிராம்

1. பதினோரு வரிகள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. தீபாவளி முடிந்து இரண்டாவது நாள். வானம் இருண்டு, விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கிளினிக் வாசலில் இருபத்தாறு ஜோடிச் செருப்புகள் நனைந்துகொண்டிருந்தன. இருபத்தேழாவதாக ஓர் ஒற்றைச் செருப்பு. அது யாருடையது என்று உள்ளே தேடியபோதுதான் முனிரத்தினத்தை முதன்முதலில் பார்த்தேன். இடது பாதத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா, மடியில் நனைந்த குடையுடன்.

இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் என்னைப் பற்றி நான்கு வரி. அரசு மருத்துவமனை ஒன்றின் டயட் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த வார்டுக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எத்தனை மில்லி பால் என்று தினமும் இண்டென்ட் போடுவது என் பணி. ஓய்வு பெற்று எட்டாண்டுகள் சும்மா இருந்தேன். மாடிப்படிகளையும் தெருநாய்களையும் எண்ணிக்கொண்டிருந்ததில் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். திருத்தணி அரக்கோணம் ரோட்டில் புதிதாகக் கிளினிக் வைத்த ஒரு டாக்டரம்மா சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தராசு. அதுதான் என் அறை.

சேர்ந்த அன்று டாக்டரம்மா சொன்னார்: "சார், அது சாப்பிடாதே இது சாப்பிடாதேன்னு அட்டை அடிச்சி மருந்துக் கடையிலயே குடுக்கறாங்க. அதுக்கு நீங்க வேண்டாம். முழுசா சாப்பிடறது எப்படின்னு சொல்லிக் குடுங்க. தானியம் முழுசா, பயறு முழுசா, காய் முழுசா. அதே மாதிரி சாப்பிடற ஆளையும் முழுசா பாருங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அதில் எண் எதுவும் இல்லை.

முனிரத்தினத்துக்கு நாற்பத்தாறு வயது. ஆர்.கே.பேட்டையில் கைத்தறி நெசவு. தறிக்குழியில் மிதிப்பலகையைக் கட்டும் கயிறு உராய்ந்து இடது கால் கட்டைவிரலில் சின்ன சிராய்ப்பு. ஐந்து வாரமாக ஆறவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 268. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டரம்மா அவரை என்னிடம் அனுப்பும்போது ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மாத்திரையும் டிரெஸ்ஸிங்கும் என் வேலை. சாப்பாடு சாரோட வேலை. காலை ஊனாதீங்க, தறியில எறங்காதீங்க. சர்க்கரை எறங்கலனா சர்ஜன்கிட்ட அனுப்ப வேண்டி இருக்கும். அவங்க விரலை எடுத்தாலும் எடுக்கலாம்."

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும் முனிரத்தினம் கேட்டது இதுதான். "சார், கட்ட வெரலு இல்லாம மிதி மிதிக்க முடியுமா சார்? மீதி நாலும் சும்மா தொணைக்கு வர்ற வெரலுங்க."

"அப்படியே தொணைக்கு வந்தாலும் அதையும் ஒழுங்கா வெச்சிக்கோ" என்றார் சரோஜா.

இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். பதினோரு வரியில் சார்ட் எழுதிக் கொடுத்தேன். மதியமும் இரவும் கேழ்வரகு மாவு எழுபத்தைந்து கிராம், கூழாகவோ களியாகவோ. முழுக் கேழ்வரகாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ள வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு முப்பது கிராம். கீரை நூறு கிராம். கொய்யாக்காய் ஒன்று. இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நார்ச்சத்து எவ்வளவு, கலோரி எவ்வளவு என்று எழுதி, அடியில் கூட்டிக் கோடு போட்டேன். நோட்டு ஒன்றும் கொடுத்தேன். இரண்டே கட்டம்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு.

சரோஜா சார்ட்டை இரண்டு முறை படித்தார். "கிராமு எப்டி சார் பாக்கறது?" என்றார். கிளினிக்கில் இருந்த பழைய அளவுக் கப் ஒன்றைக் கொடுத்தேன். அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்.

2. நான் சொன்ன வார்த்தை

புயல் மழையில் பஸ் ஓடாததால் இரண்டு நாள் தள்ளி, டிசம்பர் 7 வியாழக்கிழமை வந்தார்கள். இருபத்து மூன்று நாள். நோட்டில் இருபத்து மூன்று பக்கம், ஒரு நாள்கூட விடவில்லை. சரோஜாவின் கையெழுத்து நேராக, அடித்தல் இல்லாமல் இருந்தது. என் முப்பத்தோரு வருட சர்வீசில் அப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 251. காயம் போட்டது போட்டபடி.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். ஜனவரி 4ஆம் தேதி சர்ஜனைப் பார்க்கச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். முனிரத்தினம் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றார். எனக்கு நோட்டைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. கணக்கு சரியாக இருந்து விடை தப்பாக வந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் என் புத்தி போகும். வார்டுகளில் தலையணைக்கு அடியிலிருந்து லட்டு எடுத்தவன் நான். அந்தப் பழக்கம்.

"வெளியில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"டீ?"

"சக்கரை இல்லாம ரெண்டு. நோட்ல கீது சார்."

"போண்டா, பஜ்ஜி, கல்யாண வீடு?"

"இல்ல சார். அந்த மலை மேல கீறவன் மேல சத்தியம்."

"அப்போ இந்த நோட்டு பொய் சொல்லுது" என்றேன்.

பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். சரோஜா குனியவில்லை.

"பொய் சொல்றதுக்கு நாங்க இன்னா ஓட்டு கேக்கவா வந்துகிறோம்?" என்றார். அதுவரை 'நீங்க' என்றவர் அடுத்த வாக்கியத்தில் 'நீ'க்கு வந்துவிட்டார். "நீ எழுதிக் குடுத்தத அப்டியே பண்றேன். அவருக்கு தனியா, புள்ளைங்களுக்கு தனியான்னு ரெண்டு தபா ஆக்கறேன். அவரு எடத்துல நான் தறியில ஒக்காந்துகினு, நடுவுல ஏந்து வந்து ஆக்கறேன். தப்பு எங்க கீதுன்னா உன் காயிதத்துல கீது."

நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுக் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "சார், நீங்க இதுவரைக்கும் ஒரு பேஷண்ட் வீட்டு அடுப்பைப் பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். பூஜ்யம்.

3. அடுப்படியில் ஒன்றரை மணி நேரம்

டிசம்பர் 9, சனிக்கிழமை. 10.50க்கு வர வேண்டிய பஸ் 11.02க்கு வந்தது. எனக்குப் பஸ்ஸில் பின்சீட் ஆகாது, ஜன்னல் சாரலும் ஆகாது. இரண்டும் கிடைத்தன. ஆர்.கே.பேட்டையில் இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் குடையைப் பஸ்ஸிலேயே விட்டது தெரிந்தது. நனைந்தபடி போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் ஒருவர் பசுவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரோஜாவின் தம்பி டில்லி, பக்கத்து வீடு. "சுகர் சாரா? வாங்க, வாங்க. அக்கா உங்க மேல காண்டுல கீது. பாத்துப் பேசுங்க" என்று உள்ளே கை காட்டினார்.

முன்கட்டில் தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு சரோஜா நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. ஊடு நூலோடு நாடா போய்ப் போய் வந்தது. முனிரத்தினம் மூலையில் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று அவர்தான் ஸ்டூலைத் தள்ளினார். நான்கு நிமிடம் கழித்து, பூ வரிசை ஒன்று முடிந்ததும், சரோஜா எழுந்தார்.

"இன்னா பாக்கணும்?"

"நீங்க தினம் எப்படிச் செய்யறீங்களோ அப்படியே செய்யுங்கம்மா. நான் ஓரமா உட்காந்து பாக்கறேன்."

டப்பாவிலிருந்து கேழ்வரகு மாவை அளவுக் கப்பில் தலைவெட்டி எடுத்தார். அளவு சரி. பிறகு ஆணியில் மாட்டியிருந்த வெள்ளை மல் துணியை எடுத்து, பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, மாவை அதன் மேல் கொட்டி விரலால் தேய்க்க ஆரம்பித்தார். கீழே மாவு பவுடர் போல இறங்கியது. மேலே செம்பழுப்பாகத் தவிடு நின்றது. அதைத் தட்டில் தட்டினார்.

"எதுக்கும்மா சலிக்கிறீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சலிக்காமயா?"

"ஏன், சலிக்காம என்ன?"

"தறியில கட்டற பாவுக்குக் கஞ்சி போடறோமில்ல சார், நூலு வெறைப்பா நிக்கறதுக்கு. அந்த மாவுல ஒரு துளி தவிடு தப்பிச்சாலும் இழையில ஒட்டிக்கும். நெய்யும்போது பட்டுனு அறுந்துடும். எங்க வூட்ல மாவுன்னா துணியில சலிச்சாதான் மாவு. நூலுக்கே அவ்ளோ பாத்து செய்றோம். இது வயிறு சார். அதுவும் புண்ணு கீற ஆளு."

நான் பையிலிருந்து சின்ன தராசை எடுத்தேன். நூறு கிராம் மாவைச் சலிக்கச் சொல்லித் துணியில் நின்றதை நிறுத்தேன். பதினேழு கிராம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம் மாவு என்றால் இருபத்தைந்தரை கிராம். இருபத்து மூன்று நாளைக்கு ஐந்நூற்று எண்பத்தாறரை கிராம். எந்தத் தவிட்டுக்காக நான் கேழ்வரகு எழுதினேனோ, அதில் அரைக் கிலோவுக்கு மேல் அந்தத் துணியோடு நின்றுவிட்டிருந்தது. மீதி மாவு தண்ணீராகக் கரைந்து கூழாகி, சுடச்சுட இரண்டு டம்ளரில் உள்ளே போயிருந்தது. அதை மெல்லக்கூட வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. முளைகட்டிய பயறைத் தண்ணீரில் போட்டுக் கசக்கித் தோலை மிதக்கவிட்டு வடித்தார். கீரையை வேகவைத்துக் கடைந்து, அதையும் துணியில் பிழிந்து சாறாக்கினார். கொய்யாக்காயின் தோலைச் சீவி, விதைப் பகுதியை ஸ்பூனால் சுரண்டி எடுத்தார். ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. அந்தக் கைக்குத் தெரிந்த சுத்தம் அத்தனையும் அதில் இருந்தது. என் பதினோரு வரியில் ஒரு வரியைக்கூட அவர் மீறவில்லை. 'எதையும் எடுக்காதீர்கள்' என்ற வரியை எழுதாமல் விட்டவன் நான்.

"எடுத்ததை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

ஜன்னலைக் காட்டினார். வெளியே டில்லி காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "எம் மாட்டுக்குதான் சார். நானும் சொல்லிகினே கீறேன், பாவா எளைச்சிகினே போறாரு, எம் மாடு பெருத்துகினே போவுதுன்னு. யாரு கேக்கறாங்க?" என்றார். அக்கா கணவரை அவர் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார்.

முனிரத்தினம் ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அப்ப உன் மாட்டுக்கு சுகர் நார்மலா இருக்கும்டா."

சமையல் முடியும்போது மணி ஒன்று பத்து. சரோஜா தட்டை மூடி வைத்துவிட்டு மறுபடியும் தறியில் இறங்கினார். முனிரத்தினம் தட்டைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவ குழியில எறங்கிகினு நெய்யும்போது நான் மட்டும் எப்டி சார் துன்றது? மூணு, மூணரைக்கு அவ எழுவா. ரெண்டு பேரும் துன்னுவோம்."

அவர் மாத்திரை போட்டது பன்னிரண்டு மணிக்கு. என் நோட்டில் நேரத்துக்குக் கட்டமே இல்லை. மருத்துவமனையில் மணியடித்தால் சாப்பாட்டு வண்டி வரும். நேரம் என்று ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

மூன்றரை மணிக்கு சரோஜா என்ன சாப்பிடுவார் என்றும் கேட்டேன். பிள்ளைகள் சாப்பிட்ட ரேஷன் அரிசிச் சோற்றில் மிச்சம், ரசம். அவருக்குச் சார்ட் யாரும் எழுதவில்லை.

நான் ஸ்டூலைத் தறி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்லாமல் திரும்பினால் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடியாது என்று தெரியும். "முனிரத்தினம், அன்னிக்கு ஒன்பது பேருக்கு முன்னாடி உங்களைப் பொய்யர்னு சொன்னேன். அது தப்பு. காகிதத்துலதான் தப்பு. உங்க வீட்டம்மா சொன்னது சரி."

"வுடுங்க சார்" என்றார் அவர். சரோஜாவின் நாடா ஒரு முறை நின்று மறுபடி போனது. தறியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப ஒண்ணத்தையும் எடுக்கக் கூடாதா?"

"ஒண்ணையும் எடுக்க வேண்டாம். கல்லு, மண்ணு பாத்தாப் போதும்."

"தொண்டையில குத்துமே சார்."

"கட்டிகினு இருவத்திரெண்டு வருசமா நீ பேசறது அல்லாம் குத்திகினுதான் கீது. நான் முழுங்கல?" என்றார் முனிரத்தினம்.

சரோஜா சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

புதுச் சார்ட்டை அங்கேயே எழுதினேன். நான்கு வரி. சலிக்காத மாவில் களி அல்லது அடை, மென்று சாப்பிடும்படி. பயறும் காயும் தோலோடு, கீரை பிழியாமல். பன்னிரண்டரைக்குத் தறியை நிறுத்தி இருவரும் சேர்ந்து சாப்பிடுவது. நான்காவது வரி சரோஜா சொன்னது: "ரெண்டு தபா ஆக்கறதுக்கு பதிலா அல்லாரும் இதையே துன்னா இன்னா? எனக்கும் ஒரு மணி நேரம் மிச்சம்." அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கிராம் எதுவும் போடவில்லை. போடாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

4. டில்லியின் மாடு

டிசம்பர் 23ஆம் தேதி நானே போய்ப் பார்த்தேன். சர்க்கரை 190. பிள்ளைகள் முதல் வாரம் அடையைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். பூண்டுச் சட்னி வைத்ததும் சரியாகிவிட்டதாம். டிசம்பர் 31 திருத்தணி முருகன் கோயில் படித் திருவிழாவுக்கு வழக்கமாகக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் மலை ஏறுவார்கள். இந்த முறை சரோஜா மட்டும் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார். முனிரத்தினம் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மனைவிக்காகக் காத்திருந்தார். படி எண்ணிக்கையை அவரிடம் இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 4ஆம் தேதி சர்க்கரை 148. அன்று முழுக்க எனக்கு மேஜையில் உட்கார முடியவில்லை. கிளினிக் வாசலுக்கும் உள்ளேயும் நாற்பத்தோரு முறை நடந்தேன். மாலை 5.20க்கு சரோஜா போன் செய்தார். சர்ஜன் காயத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ஓரத்தில் புதுச் சதை வருகிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இரண்டு வாரம் கழித்துக் காட்டுங்கள் என்று சொன்னாராம். "வெரலு கீது சார்" என்றார். நான் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஜனவரி 20ஆம் தேதி போனபோது காயம் பாதிக்கு மேல் மூடியிருந்தது. பிப்ரவரி 19, திங்கட்கிழமை அவர்கள் கிளினிக்குக்கு வந்தபோது காயம் முழுவதும் மூடிவிட்டிருந்தது. நகம் மட்டும் கோணலாக முளைத்தது. இன்னும் ஒரு மாதம் கழித்து, காலுக்குப் பழந்துணி சுற்றிக்கொண்டு, முதலில் அரை நாள் மட்டும் தறியில் இறங்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்தார்.

அன்று நான் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். மாத்திரை மாற்றியதற்கு எத்தனை சதவீதம், டிரெஸ்ஸிங்குக்கு எத்தனை, ஓய்வுக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு எத்தனை? சாப்பாட்டுக்கு முப்பது சதவீதமாவது வரும் என்று நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். "சார், இப்ப நீங்களும் சலிக்கறதுக்குத் துணியை எடுக்கறீங்களே."

என் தொழிலில் நான் கற்றது இதுதான்; நீங்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், என்ன எடுத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு, யாரோடு, அதைச் சமைத்தவர் என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். என் நோட்டில் இப்போது ஐந்து கட்டம். கிராமுக்கு உள்ள கட்டம் கடைசி. முடிந்தால் ஒரு முறை அடுப்படி வரை போய்வாருங்கள். அங்கே போனபின் யாரையும் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பாக்கி இருந்தது. பெஞ்சில் ஒன்பது பேர் கேட்கும்படி சொன்ன வார்த்தைக்குத் தறியருகே இரண்டு பேர் கேட்க மன்னிப்புக் கேட்டது கணக்கில் சரியாகவில்லை. சரோஜாவிடம் பழம் கொண்டுபோய் நீட்டினால் "எதுக்கு சார்" என்று திருப்பித் தந்துவிடுவார். முனிரத்தினத்திடம் கேட்டாலோ, "அத்த நான் அன்னிக்கே மறந்துட்டேன் சார்" என்பார். மறக்கவில்லை என்று அவர் சொல்லும் வேகத்திலேயே தெரியும்.

வழி காட்டியவர் டில்லி, ஜனவரி 20ஆம் தேதி போனபோதே. "பாவாவுக்கு வெரலு வந்துச்சி. எம் மாட்டுக்கு யாரு சார் பதில் சொல்றது? தவிடு நின்னதுலேருந்து பாலு அரை லிட்டரு கம்மி."

"இருபத்து மூணு நாளைக்கு அரைக் கிலோ தவிடுப்பா. அதுக்கு அரை லிட்டர் பால் குறைய வாய்ப்பே இல்லை" என்று நான் கணக்குச் சொன்னேன்.

"அந்தக் கணக்க மாடாண்ட சொல்லுங்க சார், என்னாண்ட எதுக்கு?"

பிப்ரவரி 24, சனிக்கிழமை, நல்ல வெயில். ஆர்.கே.பேட்டை கடையில் நாற்பது கிலோ தவிட்டு மூட்டை ஒன்று வாங்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் வாசலில் இறக்கினேன். தெருவில் அப்போது பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "முனிரத்தினம் நோட்டுல எழுதினது எல்லாம் உண்மை. நான்தான் அவரைப் பொய்யர்னு சொன்னேன். அதுக்கு இது."

சரோஜா வாசலுக்கு வந்தார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்டுக்குக் கொடுப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "உள்ள வாங்க சார், அடை போட்டுகினு கீறேன். சலிக்கல" என்றார். மறுபடியும் 'வாங்க'. இரண்டு அடை சாப்பிட்டேன். தவிடு தொண்டையில் கொஞ்சம் குத்தத்தான் செய்தது.

நான்கு முறை போய்வர எட்டு பஸ் டிக்கெட் நூற்று அறுபது, பஸ்ஸோடு போன குடை இருநூற்று எண்பது, தவிட்டு மூட்டை ஆயிரத்து நாற்பது, ஆட்டோ அறுபது. ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.